அவ்வப்போது ஹேங் ஆகும் பழைய லேப்டாப்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

திருப்பூர் எம்ப்ராய்டரி யூனிட்டுகளிலும் பல்லடம் பக்கத்துத் தறிக்குடோன்களிலும் 2004, 2005-இல் வாங்கிய லேப்டாப்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டிசைன் சாஃப்ட்வேரின் டாங்கிள் (லைசென்ஸ் சாவியாக இருக்கும் சிறு கருவி) பழைய பிரின்டர் மாட்டும் பாரலல் போர்ட்டில்தான் செருகும். மெஷினுக்குப் போகிற கேபிள் காம் போர்ட்டில்தான் மாட்டும். சாஃப்ட்வேரோ விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் ஏறாது. அதனால் "புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது.

ஒரேயடியாகச் செத்துப்போன லேப்டாப்பைப் பார்ப்பது சுலபம். இது அந்த ரகம் இல்லை. காலையில் ஒரு முறை நிற்கும், அப்புறம் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், அவசர ஆர்டர் அன்றைக்கு மூன்று முறை நிற்கும். என்னிடம் வேலை பழக வந்த தம்பி ஒருவர் இப்படி ஒரு லேப்டாப்பில் ஒரே சாயங்காலத்தில் ரேமை மாற்றி, ப்ராசஸர் மேல் தெர்மல் பேஸ்ட் போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றிவிட்டார். மூன்று வாரம் ஓடியது, மறுபடி நின்றது. அந்த மூன்றில் எது எதைச் சரிசெய்தது, எது ஒன்றும் செய்யவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே உள்ள வரிசை அந்த மாதிரிச் சிக்கலில் மாட்டாமல் இருப்பதற்காக.

1. கையில் இருக்க வேண்டியவை

பிலிப்ஸ் 0, 1 ஸ்க்ரூட்ரைவர்கள். மென்மையான பெயிண்ட் பிரஷ் ஒன்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நல்ல தெர்மல் பேஸ்ட், மல்டிமீட்டர். பழைய 44 பின் ஐடிஇ (அந்தக் காலத்து இணைப்பு முறை) டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கன்வர்ட்டர். காலியான வெளி ஹார்டு டிஸ்க். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு அடாப்டர்.

மூன்று சிடிகளும் வேண்டும்: ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+, பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளும் ப்ராசஸர் வசதி) கேட்காத 32 பிட் லினக்ஸ் ஒன்று (ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி), டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ உள்ள ஒன்று. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் பல யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது. பென்டியம் எம் சிப்களில் பல பிஏஇ வசதியைக் காட்டாததால், இன்றைய லினக்ஸ் பதிப்புகள் தொடக்கத்திலேயே நின்றுவிடும். இது தெரியாமல் "சிடி டிரைவ் போச்சு" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பதிவிறக்கிப் படித்துவிடுங்கள். ஐபிஎம், டெல் இரண்டும் இந்த வகை லேப்டாப்புகளுக்குப் படம் போட்ட கழற்றும் முறையை வெளியிட்டிருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எந்த நீளம் என்பது அதில் இருக்கும். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் அது போர்டில் போய் முட்டும். பிறகு நீங்கள் தேடுவது ஒரு கோளாறு அல்ல, இரண்டு.

2. டேட்டாவை வெளியே எடுங்கள்

இதற்கு முன் எதையும் செய்யக் கூடாது. ஹேங் ஆகும் பழைய லேப்டாப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேல் சோதனை ஓட்டினால், மிச்ச உயிரும் அந்தச் சோதனையிலேயே போய்விடலாம்.

டிஸ்க்கைக் கழற்றி, கன்வர்ட்டர் வழியாக வேறொரு கணினியில் மாட்டி, முதலில் அன்றாட வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்: டிசைன் ஃபைல்கள், கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர், பார்ட்டி லிஸ்ட். அது பத்திரமான பிறகு டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள். சாதாரண நகலெடுக்கும் முறைகள் ஒரு கெட்ட செக்டாரில் (டிஸ்க்கின் சிறு துண்டு) மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில் வரும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் டிஸ்க் பிழையைத் திருத்தும் செக்டிஸ்க் ஓட்டுவது, இல்லாவிட்டால் ஃபைல்களை அடுக்கி வைக்கும் டீஃப்ராக் போடுவது. இரண்டுமே டிஸ்க்கில் எழுதும். டேட்டா வெளியே வருவதற்கு முன் கெட்ட டிஸ்க்கில் எதுவும் எழுதக் கூடாது.

பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும் அடிப்படை நிரல்) செட்டிங் பக்கங்களையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பாரலல் போர்ட் எந்த மோடில் இருந்தது என்று பின்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. டாங்கிள் அந்த மோடை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்.

3. ஒரு நோட்டு, ஒரு கடிகாரம்

லேப்டாப் பக்கத்தில் ஒரு நோட்டையும் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் இல்லாவிட்டால் பேனா மாலைக்குள் கட்டிங் டேபிளுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஹேங்குக்கும் ஒரு வரி: எத்தனை மணிக்கு, ஆன் செய்து எத்தனை நிமிடம் கழித்து, எந்த சாஃப்ட்வேர் ஓடியது, அடாப்டரிலா பேட்டரியிலா, யாராவது லேப்டாப்பை அசைத்தார்களா.

நொடி முள்ளோடு ஒரு கடிகார நிரலை ஸ்க்ரீன் மூலையில் திறந்து வைத்து, ஸ்க்ரீன்சேவரை நிறுத்திவிடுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது நின்றாலும், எந்த நொடியில் நின்றது என்று கடிகாரம் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தைப் பக்கத்து மெஷின் ஆன் செய்த நேரத்தோடு ஒப்பிட முடிந்ததாலேயே ஒரு முறை பாதி வேலை முடிந்தது.

குறைந்தது ஐந்து ஹேங்காவது நோட்டில் ஏறட்டும். அதுவரை எதையும் மாற்றாதீர்கள், தூசிகூடத் தட்ட வேண்டாம். சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்கிறது என்ற எண் இல்லாவிட்டால், கடைசியில் சரியாகிவிட்டதா என்று சொல்ல வழியே இருக்காது.

இன்னொன்று. லேப்டாப்பை உங்கள் கடைக்குத் தூக்கி வராதீர்கள், நிற்கிற இடத்திலேயே பாருங்கள். ஒரு பனியன் கம்பெனி முதலாளி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, உங்ககிட்ட வந்தா மட்டும் நல்லா ஓடுதுங்களே, உங்க மேல என்ன பயமுங்களா?" போய்ப் பார்த்தால், அங்கே லேப்டாப்பை மடித்து வைத்த துணிக்கட்டின் மேல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று உள்ளே இழுக்கும் ஓட்டை அடியில். என் கடையில் அது மர மேசை மேல் இருந்தது.

4. நின்றவுடன் ஆஃப் செய்யாதீர்கள், முகத்தைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் அதிகம் தகவல் தருவது இந்த ஒரு நிமிடம்தான். எல்லோரும் பவர் பட்டனை அழுத்தி வீணாக்குவதும் இதைத்தான். இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

மவுஸ் நகர்கிறதா? நகர்ந்தும் எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், காத்திருங்கள். அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத் தானாக ஓடத் தொடங்கினால் டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. போர்டு நன்றாகவே இருக்கிறது, நேராக 7-ஆம் பகுதிக்குப் போகலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா? அந்த விளக்கை ஏற்றி இறக்குவது விண்டோஸ்தான். மவுஸ் நின்றும் கேப்ஸ் லாக் மாறினால், உள்ளே கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, உயிரோடு இருக்கிறது. டிஸ்ப்ளே டிரைவரோ (ஒரு பாகத்தை இயக்கும் நிரல்) ஒரு சாஃப்ட்வேரோ மாட்டிக்கொண்டிருக்கலாம். கேப்ஸ் லாக்கும் அசையவில்லை என்றால் ஹார்டுவேர் அல்லது ஆழத்தில் உள்ள ஒரு டிரைவர்.

சத்தம்? ஏதாவது ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால், கடைசித் துணுக்கு மட்டும் "ட்ர்ர்ர்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். ப்ராசஸர் புதிய ஒலியை எழுதாமல் நின்றுவிட்டது, சவுண்டு சிப் பழைய துண்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதுவும் ஹார்டுவேர் பக்கம்தான் கை காட்டும்.

ஸ்க்ரீனில் கோடு, வண்ணக் கட்டங்கள், எழுத்து உடைந்து தெரிதல்? கிராஃபிக்ஸ் சிப் அல்லது அதன் மெமரி. கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லாத மாடல்களில் சாதாரண ரேமும் இதே கோலத்தைக் காட்டும்.

கடைசியாகக் கையை வையுங்கள். விசிறி சுற்றுகிறதா, வெளியே வரும் காற்று சூடாக இருக்கிறதா? அடிப்பாகம் கை வைக்க முடியாமல் கொதிக்க, காற்று மட்டும் இளஞ்சூட்டில் மெல்ல வந்தால் 10-ஆம் பகுதியில்தான் விடை.

நேரத்தையும் பாருங்கள். ஆன் செய்து 20 முதல் 40 நிமிடத்துக்குள் மட்டும் நிற்பது சூட்டின் குணம். காலையில் முதல் பத்து நிமிடம் படுத்திவிட்டு, சூடேறியதும் ஒழுங்காக ஓடுவது சாலிடர் (சிப்பைப் போர்டோடு இணைக்கும் உலோகப் பற்று) விரிசலின் குணமாக இருக்கலாம். ஒரு நேரமும் பொருந்தாவிட்டால் ரேமையும் கரண்டையும் சந்தேகப்படுங்கள்.

5. வெளியே ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

திறப்பதற்கு முன் இதைச் செய்வதற்குக் காரணம் எளிது: ஸ்க்ரூ எதையும் தொட வேண்டாம், பின்னால் மாட்டிவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கழற்றியதை நோட்டில் எழுதுங்கள்.

முதலில் பேட்டரி. செல் வீங்கியோ உள்ளே கெட்டோ இருந்தால் சார்ஜ் சர்க்யூட் தடுமாறும். பேட்டரி இல்லாமல் அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அடாப்டரை மாற்றுங்கள். மல்டிமீட்டரில் அடாப்டர் முனை சரியான வோல்ட் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள், சுமை இல்லாதபோது கெட்ட அடாப்டரும் சரியாகக் காட்டும். டெல் லேப்டாப்புகளில் அடாப்டரின் நடு ஊசி அடையாளம் சொல்லும் கம்பி. டூப்ளிகேட் அடாப்டரில் அது பேசாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது, ப்ராசஸரும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். அதைப் பலர் ஹேங் என்றே சொல்வார்கள்.

பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்டு, யூஎஸ்பியில் உள்ளவை, வைஃபை கார்டு ஆகியவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஒரு மோசமான வைஃபை டிரைவர் முழு விண்டோஸையும் நிறுத்திவிடும்.

பிறகு மெஷினுக்குப் போகும் காம் கேபிள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய ஷெட்களில் எர்த்திங் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் கன்வர்ட்டரில் செருகியிருப்பார்கள். அப்படி இருந்தால் லேப்டாப்பின் உலோகப் பகுதி எர்த் இல்லாமல் மிதக்கும், தொட்டால் சுள்ளென்று இருக்கும். அந்த நிலையில் காம் கேபிளின் கிரவுண்டு கம்பி மெஷினின் உடம்போடு சேரும்போது, கசிகிற கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் போகும். பக்கத்துத் தறி மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் லேப்டாப் நிற்கிறது என்று நோட்டில் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட் அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட ரொம்ப அதிகம் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லேப்டாப்பைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போகலாம்.

சிமாஸ் பேட்டரியை மாற்றுவது எல்லோருக்கும் பிடித்த முதல் வேலை. அது தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பதற்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் ஹேங்குக்கு அது காரணமாக இருந்து நான் பார்த்ததில்லை.

6. டிஸ்க் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லினக்ஸ் சிடியில் பூட் செய்யுங்கள். பப்பி போன்றவை முழுக்க ரேமில் ஏறிவிடும், அதன் பிறகு சிடிகூடச் சுற்றாது. கடிகாரத்தைத் திறந்து, ஒரு ஒலி ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வழக்கமாக நிற்கும் நேரத்தைவிட மூன்று மடங்கு நேரம் விட்டுவிடுங்கள்.

இந்த ஒரு சோதனை பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும். இப்போதும் நின்றால் டிஸ்க்கும் விண்டோஸும் குற்றவாளிகள் இல்லை. 7, 8-ஐத் தாண்டி நேராக 9-க்குப் போங்கள். நிற்கவில்லை என்றால் 7-ஐயும் 8-ஐயும் பாருங்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றலாமா என்ற யோசனைக்கு இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் அர்த்தம் உண்டு. டாங்கிள் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுவதற்குச் சிடி இருக்கிறதா என்றும் அதற்கு முன் கேளுங்கள். பாதிப் பேரிடம் இருக்காது.

7. டிஸ்க்

எக்ஸ்பியில், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் பழைய பதிப்பு ஓடும். அது காட்டும் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு) நான்கு வரிகள் போதும். 05 என்பது ஏற்கெனவே மாற்று இடத்துக்குப் போன செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6 என்பது கைவிடப்பட்டவை. சி5-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, 4-ஆம் பகுதியில் சொன்ன அணையாத விளக்கும் இருந்தால், டிஸ்க்கை மாற்றுங்கள். மேலே "குட்" என்று நீல எழுத்தில் இருப்பதை நம்ப வேண்டாம்.

சி7 வேறு கதை. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் போகும் வழியில் ஏற்பட்ட பிழைகளின் எண்ணிக்கை. அந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் பழைய பிழைகளும் அதில் இருக்கும். எண்ணைக் குறித்து வைத்து, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஏறியிருந்தால் கனெக்டரைக் கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு பக்கம். அங்கே தற்போதைய மோடு பிஐஓ என்று இருந்தால், எக்ஸ்பி தானாக இறங்கியிருக்கிறது. டிஸ்க் பதில் சொல்லாமலோ பிழையோடோ மொத்தம் ஆறு முறை போனால் அது டிஎம்ஏயை (ப்ராசஸர் சுமக்காமல் டேட்டா நேராக ரேமுக்குப் போகும் முறை) விட்டு பிஐஓவுக்குப் போய்விடும். பிஐஓவில் ஒவ்வொரு பைட்டையும் ப்ராசஸரே சுமப்பதால் மவுஸ் வெட்டி வெட்டி நகரும், பாட்டு விக்கும். அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீபூட் செய்தால் டிஎம்ஏ திரும்பும். ஆனால் அந்த ஆறு பிழைகள் ஏன் வந்தன என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். சில வாரத்தில் மறுபடி பிஐஓவுக்கு இறங்கினால் டிஸ்க்கோ கனெக்டரோ என்று முடிவு செய்யலாம்.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, நோட்டில் உள்ள நேரங்களோடு ஒப்பிடுங்கள். டிஸ்க் பெயரில் 7 என்ற எண் என்றால் கெட்ட செக்டார், 11 என்றால் கன்ட்ரோலர் பிழை, ஏடிஏபிஐ பெயரில் 9 என்றால் டிஸ்க் நேரத்துக்குப் பதில் தரவில்லை. 6008 என்பது நீங்கள் பவர் பட்டனை அழுத்தி அணைத்ததன் பதிவு, அதைக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாற்றுவதற்கு இன்னொரு பழைய ஐடிஇ டிஸ்க்கைத் தேடிப் போக வேண்டாம், அதற்கும் இதே வயது. 44 பின் அடாப்டரில் பொருத்தும் எம்சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான மாடல்களில் வேலை செய்யும். 2-ஆம் பகுதியில் எடுத்த நகலை அதில் இறக்கினால் விண்டோஸ் அப்படியே வரும். டிஸ்க்கின் ஹார்டுவேர் எண்ணோடு பூட்டப்பட்ட லைசென்ஸ் மட்டும் மறுபடி கேட்கும். டாங்கிளோடு பூட்டப்பட்டது கேட்காது.

8. விண்டோஸ்

டிஸ்க் நல்லது என்றால் மட்டும் இங்கே. அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஏறும் சேஃப் மோடில் வழக்கமான மூன்று மடங்கு நேரம் ஓட்டுங்கள். அங்கே நிற்காவிட்டால் டிஸ்ப்ளே, வைஃபை, சவுண்டு டிரைவர்களை லேப்டாப் நிறுவனத்தின் கடைசிப் பதிப்புக்கு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பின்னணியில் ஸ்கேன் செய்யும் பழைய ஆன்டிவைரஸ் இருந்தால் எடுத்துவிடலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பை நெட்டில் இணைக்காமல் வைத்திருப்பதே அதற்குச் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு.

9. ரேம்

ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். சில மாடல்களில் ஒரு ஸ்லாட் அடி மூடிக்குள்ளும் இன்னொன்று கீபோர்டுக்கு அடியிலும் இருக்கும். கீபோர்டுக்குக் கீழே உள்ளதை மறந்துவிட்டு "ரேம் மாத்தியாச்சு" என்று எழுதுவது வழக்கமான தவறு.

மெம்டெஸ்ட்86+ சிடியில் பூட் செய்து, இரவு முழுக்க விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதான வந்துச்சு" என்று விட முடியாது. பிழை வந்தால் ஒரு ரேமை மட்டும் வைத்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும், பிறகு அடுத்ததை அதேபோல் சோதியுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் கெட்டது. ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு.

சிவப்பு வரி எதுவும் இல்லாமல் மெம்டெஸ்ட்டே நின்றுவிட்டால், மேலே ஓடும் நேரக் கணக்கும் நின்றிருக்கும். அப்போது ரேமைவிடச் சூட்டையும் போர்டையும்தான் நான் சந்தேகப்படுவேன்.

10. சூடும் பஞ்சும்

நம் ஊரில் பாதி லேப்டாப்புகள் இங்கே முடியும். பஞ்சுத் துகள் விசிறிக்குள் போய், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளின் உள்பக்கம் படிந்து, நாளடைவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகும். வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் சுத்தமாகத் தெரியும். படலம் விசிறிக்கும் தகடுக்கும் நடுவே இருக்கிறது. விசிறியைக் கழற்றினால்தான் கண்ணில் படும், இடுக்கியால் பிடித்தால் முழுசாக உரிந்து வரும்.

தூசி ஊருக்கு ஊர் வேறு. பொள்ளாச்சி தேங்காய் நார் மில்களில் வரும் நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் மழை நாளில் மட்டும் வரும் ஹேங் இருந்தால் போர்டின் மேல் படிந்ததைத் தேடுங்கள். கோவை ஃபவுண்டரி, லேத் பட்டறைகளின் தூசியில் இரும்பு இருக்கும். அது கரண்டைக் கடத்தும், அதை ஊதினால் சிப்பின் கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ்ஷால் ஒரு பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஆடிக் காற்று வீசும் காங்கேயம், தாராபுரம் பக்கம் என்றால் மண்ணும் சேர்ந்திருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். எச்டபிள்யூமானிட்டர் போன்ற நிரலில் ப்ராசஸர் சூட்டைக் குறியுங்கள், அறையின் சூட்டையும் சேர்த்துக் குறியுங்கள். மார்கழியில் அளந்ததையும் சித்திரையில் அளந்ததையும் அப்படியே ஒப்பிட முடியாது, ப்ராசஸர் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. பென்டியம் எம், கோர் 2 டுவோ மொபைல் சிப்களின் மேல்வரம்பு பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டியது. வேலை செய்யும்போது 90-ஐத் தாண்டினால் திறக்க வேண்டியதுதான்.

யூனிட்டில் கம்ப்ரஸர் ஏர் கன் கையெட்டும் தூரத்தில் தொங்கும். அதை எடுக்காதீர்கள். டாங்க்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு வரும். அந்த அழுத்தத்தில் விசிறி தன் வேகத்தைத் தாண்டிச் சுற்றி பேரிங் போய்விடும். பிரஷ் போதும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் கை ஊதுபையால், விசிறி இறக்கையை ஒரு பல்குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

விசிறி கரகரத்தால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்ட விசிறி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. அது 24 டிகிரி வாக்கில் உறையும், நாளாக நாளாகப் பிசினாகும். தை மாதக் காலையில் விசிறி சுற்ற மறுத்ததில் வியப்பு இல்லை.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நெல்மணி அளவு புதியது வையுங்கள். ப்ராசஸருக்குப் பேஸ்ட், ஆனால் கிராஃபிக்ஸ் சிப்புக்கோ சிப்செட்டுக்கோ ரப்பர் மாதிரி பேடு இருந்தால் அதே கனத்தில் பேடுதான் வைக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. சுத்தம் செய்த மறுநாளே முன்னைவிட அதிகமாக ஹேங் ஆகிறது என்று வரும் லேப்டாப்புகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பேடைத்தான்.

11. போர்டு

இது கடைசி. ஏனென்றால் இந்தச் சோதனையே கோளாறைப் பெரிதாக்கலாம். டிஸ்க் இல்லாமல் லினக்ஸ் சிடியில் ஓடவிட்டு, லேப்டாப்பின் ஒரு முன் மூலையை மட்டும் ஒரு விரலகலம் தூக்குங்கள். கை வைக்கும் பகுதியை மெதுவாக அழுத்துங்கள். அந்த நொடியே நின்றாலோ ஸ்க்ரீனில் கோலம் விழுந்தாலோ, பெரிய சிப் ஒன்றின் அடியில் உள்ள சாலிடர் உருண்டைகளில் விரிசல். திங்க்பேட் டி40, டி41, டி42 வரிசையில் கிராஃபிக்ஸ் சிப் இப்படிப் பிரிவது பரவலாக அறியப்பட்டது. ஒரு கையால் மூலையைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் அதைச் சீக்கிரப்படுத்தும். 2007, 2008 வாக்கில் வந்த சில என்விடியா சிப்களில் சிக்கல் சிப்பின் உள்ளேயே இருந்தது. 2008 ஜூலையில் அந்த நிறுவனமே சிப் பொதியின் பொருளில் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டது. அவற்றுக்கு வெளியே சாலிடர் போட்டு நிரந்தரப் பலன் கிடைக்காது.

ஹீட் கன் வைத்து சிப்பைச் சூடாக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் முயலாதீர்கள். சில வாரம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக நிற்கும், சுற்றியுள்ள சிறு பாகங்களும் நகர்ந்திருக்கும். சிப் லெவல் சர்வீஸ் செய்யும் இடத்தில் ரீபால் செய்யக் கேளுங்கள். அவர்கள் வெறும் சூடு மட்டும் காட்டப் போகிறார்களா, உருண்டைகளை மாற்றப் போகிறார்களா என்று நேராகவே கேட்டுவிடுவது நல்லது. பாரலல் போர்ட் உள்ள அதே மாடல் போர்டு ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தால், பல சமயம் அதுவே மலிவு.

12. சரியாகிவிட்டது என்று எப்போது சொல்வது

நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். சராசரியாக 8 மணி நேரத்துக்கு ஒரு முறை நின்ற லேப்டாப் என்று வையுங்கள். அதில் நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும், தற்செயலாக 8 மணி நேரம் நிற்காமல் ஓட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அதனால்தான் "நேத்து நல்லா ஓடுச்சு" என்ற பேச்சை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதன் மூன்று மடங்கு, அதாவது 24 மணி நேரம், தற்செயலாக ஓட வாய்ப்பு 100-க்கு 5 மட்டுமே. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்த மூன்று மடங்கை விட்டுப் பாருங்கள். நின்றால் அந்த மாற்றத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

லேப்டாப் ஓடிய மணிநேரத்தை மட்டும் எண்ணுங்கள். ஞாயிறு லீவு, கரண்ட் இல்லாத நேரம், ஸ்டாண்ட்பையில் கிடந்த நேரம் எதுவும் சேராது. நின்றது துணிக்கட்டின் மேல், காம் கேபிளோடு, தறி ஓடும்போது என்றால், அந்த 24 மணி நேரமும் அதே இடத்தில், அதே கேபிளோடு, தறி ஓடும்போதுதான் எண்ணப்பட வேண்டும். துணிக்கட்டுக்குப் பதில் ஒரு பலகை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.